அந்த மாத்திரையோட பேர் என்ன?

இது கொஞ்சம் நீளமான த்ரெட். ஒரு டீயோட உட்காருங்க.

சோழவரம் பக்கத்துல ஒரு அரசு மருத்துவமனைல வேலை பார்க்கிறேன். ஜி.என்.டி. ரோட்டில் செங்குன்றம் தாண்டினால் வரும் ஊர். பழைய ஆட்களுக்கு இங்கே நடந்த கார் ரேஸ் ஞாபகம் இருக்கும். இப்போ ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் குடோன், கம்பெனி, லாரி. கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஷிப்ட் பஸ் ஓடும் பாதை.

சில மாதங்களுக்கு முன்னாடி ஒரு காலை, ஓ.பி. ஆரம்பிக்கும்போதே ஒரு அம்மாவை ஆட்டோவில் இருந்து தூக்கிட்டு வந்தாங்க. நாற்பத்தைந்து வயசு இருக்கும். பேக்கிங் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே செய்யற வேலை. உதடு முழுக்க ரத்தம் காய்ஞ்சு கறுத்திருந்தது. கண் ரெண்டும் சீழ் கட்டி ஒட்டிப் போயிருந்தது. நெஞ்சிலும் முதுகிலும் கருஞ்சிவப்புத் திட்டுகள், நடுநடுவே கொப்புளம். பி.பி. பார்க்கப் பட்டையைச் சுற்றப் போன நர்ஸ் சட்டென்று கையை எடுத்துட்டாங்க. தொட்ட இடத்தில் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. கழுத்தோரம் வேப்பிலை.

"அம்மை போட்டிருக்கு சார். மூணு நாளா தண்ணி கூட எறங்கல" என்றார் மாமியார்.

அம்மை இல்லை. அம்மையில் தோல் இப்படிக் கழன்று வராது.

"இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்று பையனிடம் கேட்டேன்.

"மூட்டு வலிக்கு மெடிக்கல்ல செட் வாங்கி சாப்டாங்க சார்."

"என்ன மாத்திரை?"

"வெள்ளையா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு, அப்புறம் பாதியா ஒடைச்சது ஒண்ணு."

"அட்டை இருக்கா தம்பி?"

"அட்டை ஏது சார்? கவர்ல போட்டுக் குடுத்தாங்க."

இந்த த்ரெட் முழுக்க அந்தக் கவரைப் பற்றித்தான். ஆனா அதைச் சொல்ல நியூயார்க், ஸ்காட்லாந்து, சேத்துப்பட்டு, நைரோபி, தைவான் எல்லாம் ஒரு சுற்று போய்ட்டு வரணும்.

முதலில் நோய். மருந்து எடுத்தால் சிலருக்கு அரிப்பு, தடிப்பு வரும், ரெண்டு நாளில் போய்விடும். அது அடிக்கடி நடப்பது, பெரும்பாலும் பயப்பட வேண்டாம். நான் சொல்வது வேறு. மருந்து எடுத்த ஆளின் சொந்த நோய் எதிர்ப்பு செல்களே அவருடைய தோல் செல்களைக் கொல்ல ஆரம்பிக்கும். மேல்தோல் உயிரிழந்து அடித்தோலில் இருந்து பிரிந்து விடும். வாய், கண், பிறப்புறுப்பு என்று ஈரமான இடங்கள் எல்லாம் புண்ணாகும். உடம்பின் பரப்பில் 10 சதவீதத்துக்குள் உரிந்தால் ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம். 30 சதவீதத்தைத் தாண்டினால் டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ், சுருக்கமா டென். நடுவில் இருந்தால் ரெண்டும் கலந்தது. முதல் வகையில் ஏறக்குறைய பத்தில் ஒருவரும், டென்னில் மூன்றில் ஒருவரும் இறந்து போகிறார்கள். வருஷத்துக்கு பத்து லட்சம் பேரில் சில பேருக்குத்தான் வரும். அரிது. ஆனா வந்தவங்களுக்கு அது அரிது என்பதால் எந்த ஆறுதலும் இல்லை.

1922-ல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், ஃப்ராங்க் ஜான்சன் என்று ரெண்டு குழந்தைகள் நல மருத்துவர்கள் ரெண்டு பையன்களைப் பற்றி எழுதினார்கள். வயசு 7, 8. காய்ச்சல், உடம்பெல்லாம் திட்டு, வாயில் புண், கண்ணில் கடும் அழற்சி. இது புதுசா ஒரு தொற்று நோய் என்று நினைத்தார்கள். மருந்து மேல் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த நோயில் இன்று நாம் குற்றவாளியாகப் பிடிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை அப்போது பிறக்கவே இல்லை.

1956-ல் ஸ்காட்லாந்தில் ஆலன் லையல் என்ற தோல் மருத்துவர் நான்கு நோயாளிகளை விவரித்தார். கொதிக்கிற தண்ணீர் பட்டது போல் தோல் உரிந்திருந்தது. டென் என்ற பெயரை வைத்தவர் அவர்தான். ரத்தத்தில் ஏதோ ஒரு நஞ்சு ஓடுகிறது என்று அவர் நினைத்ததால்தான் பேரிலேயே 'டாக்சிக்' இருக்கிறது. அந்த நால்வரில் ஒருவருக்கு இருந்தது வேறு நோய், பாக்டீரியாவால் வந்தது என்று பின்னால் தெரிந்தது. ஆக, ஒரு நோய்க்குப் பேர் வைத்த கட்டுரையிலேயே நாலில் ஒண்ணு தப்பு. மருத்துவம் இப்படித்தான் வளர்ந்திருக்கு, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மருந்து எப்படிச் சந்தேக வளையத்துக்குள் வந்தது? அதுக்கு ஜெர்மனியின் கெர்ஹார்ட் டொமாக்கைப் பார்க்கணும். 1930-களில் பாக்டீரியாவைக் கொல்லும் முதல் சல்ஃபா மருந்தைக் கொண்டு வந்தவர். பெனிசிலின் கைக்கு வருவதற்கு முன்னால் உலகத்தைக் காப்பாற்றியது சல்ஃபாதான். 1939-ல் நோபல் பரிசு அறிவித்தார்கள், நாஜி அரசு வாங்கவிடவில்லை, போர் முடிந்த பிறகு 1947-ல்தான் பதக்கம் கைக்கு வந்தது. சல்ஃபா பரவப் பரவ, தோல் உரியும் நோயாளிகளும் ஆங்காங்கே தென்பட ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் சல்ஃபா இந்த நோயின் பட்டியலில் முன்வரிசை.

அதே டொமாக் குழு 1940-களின் நடுவில் இன்னொரு மருந்தையும் கொண்டு வந்தது. தயோஅசிட்டசோன். காசநோய் மாத்திரை. நம்ம ஊர்க் கதை இங்கேதான் தொடங்குது.

போருக்குப் பின்னான ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான காசநோயாளிகளுக்கு இது கொடுக்கப்பட்டது. வேலை செய்தது, ஆனா பக்க விளைவுகள் அதிகம். 1952-ல் ஐசோனியாசிட் வந்தவுடன் பணக்கார நாடுகள் தயோஅசிட்டசோனை ஓரம் கட்டிவிட்டன. ஏழை நாடுகளால் அப்படிக் கட்ட முடியவில்லை. காரணம் விலை. ஐசோனியாசிட்டை மட்டும் தனியாகக் கொடுத்தால் கிருமி பழகிவிடும், கூட ஒரு துணை மருந்து வேணும். அன்றைக்கு இருந்த துணை மருந்து பாஸ், ஒரு நாளைக்கு பத்து கிராம் அளவில் விழுங்கணும், வயிற்றைப் புரட்டும், விலையும் அதிகம். தயோஅசிட்டசோனோ 150 மில்லிகிராம் போதும். ஐசோனியாசிட்டோடு சேர்த்து ஒரே மாத்திரையாகச் செய்துவிடலாம். விலை சொற்பம்.

இதே காலத்தில் 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து ஆரம்பித்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமை. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. காசநோய்க்காரரை மாசக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைத்தே ஆகணுமா, வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் போதாதா? சென்னையின் நெரிசலான ஒற்றை அறை வீடுகளில், அரை வயிற்றுச் சாப்பாட்டில் இருந்த நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே இவர்களும் குணமானார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்க காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. இன்று அந்த மையத்தின் பேர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதே சேத்துப்பட்டு. அந்தப் பக்கம் ரயிலில் போகும் நம்மில் பல பேருக்கு இது தெரியாது என்பதில் எனக்கு எப்பவும் ஒரு வருத்தம் உண்டு.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் வேற. அவர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை, எந்தத் தேதி. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கா என்று பார்த்தார்கள். தயோஅசிட்டசோனையும் 1960-களில் இதே கண்டிப்போடு தென்னிந்திய நோயாளிகளிடம் சோதித்தார்கள். சிலருக்குத் தோலில் பிரச்சினை வந்தது, எழுதினார்கள். ஆனா பெரும்பாலானவர்கள் தாங்கினார்கள். விலையையும் பலனையும் எடைபோட்டால் ஏழை நாட்டுக்கு ஏற்ற மருந்து என்று ஆனது. ஐசோனியாசிட்டும் தயோஅசிட்டசோனும் சேர்ந்த மாத்திரை நம்ம தேசிய காசநோய்த் திட்டத்தின் முதுகெலும்பானது. ஒன்றரை வருஷம் வரை சாப்பிடணும். உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் யாராவது அரசு ஆஸ்பத்திரியில் டி.பி. மாத்திரை வாங்கியிருந்தால் இது அதில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அதில் பிழைத்தவர்கள் லட்சக்கணக்கில்.

அதனால் அந்த மாத்திரையை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை.

பிறகு 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூரில் சோதித்தபோது ஆறு பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம்ம சென்னையில்தான். எச்.ஐ.வி. வந்த இடமெல்லாம் காசநோய் கூடவே வரும். காசநோய் வந்தால் மாத்திரை. அந்த மாத்திரைக்குள் தயோஅசிட்டசோன்.

என்ன நடக்கிறது என்பதை எண்ணிக்கையோடு காட்டியது கென்யாவின் நைரோபி. அங்கே காசநோயாளிகளை எச்.ஐ.வி. இருப்பவர், இல்லாதவர் என்று பிரித்துப் பார்த்த ஆய்வு 1991-ல் லான்செட்டில் வந்தது. எச்.ஐ.வி. இல்லாதவர்களில் 1 சதவீதம் பேருக்குத் தோல் எதிர்வினை. எச்.ஐ.வி. உள்ளவர்களில் 20 சதவீதம். ஐந்தில் ஒருவர்! சிலருக்கு அது டென்னாக மாறி உயிரையும் எடுத்தது. மாத்திரை மாறவில்லை, அளவு மாறவில்லை, சாப்பிட்ட உடம்பு மாறியிருந்தது. 1992-ல் உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னது. ரிஃபாம்பிசின் சேர்ந்த புதிய சிகிச்சை நாடு முழுக்கப் பரவப் பரவ, தயோஅசிட்டசோன் நம்ம மருந்தகங்களில் இருந்தும் மெல்ல மறைந்து போனது.

நான் எம்.பி.பி.எஸ். படித்த காலத்தில் அந்த மாத்திரை பாடப் புத்தகத்தில் ஒரு வரிதான். ஆனா அதோட பாடம் தொடர்ந்தது. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக எச்.ஐ.வி. கூட்டு மருந்துகளைக் கொடுக்கத் தொடங்கியபோது தாம்பரம் சானடோரியம் முதல் மையங்களில் ஒன்று. அந்தக் கூட்டில் இருந்த நெவிரபின் என்ற மருந்தும் தோலை உரிக்கக் கூடியது. ஆனா இந்த முறை முன்கூட்டியே தெரியும். முதல் 14 நாள் ஒரு வேளை மட்டும், தோலில் ஒன்றும் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் ரெண்டு வேளை. 'உடம்பில் தடிப்பு ஏதாவது இருக்கா' என்ற கேள்வி சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

நைரோபியில் கண்டுபிடிக்க முடிந்ததற்கும், தாம்பரத்தில் ஜாக்கிரதையாக இருக்க முடிந்ததற்கும் ஒரே காரணம், நோயாளி விழுங்கிய மாத்திரைக்குப் பேர் இருந்தது. அட்டையில் இருந்தது, சீட்டில் இருந்தது, பதிவேட்டில் இருந்தது.

சரி, மருந்தைக் கண்டுபிடித்து நிறுத்தினால் மட்டும் போதுமா? போதாது. இதை இந்திய மருத்துவர்களுக்குக் கசப்பாகச் சொல்லிக் கொடுத்தது ஒரு கொல்கத்தா வழக்கு. 1998-ல் அமெரிக்காவில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த அனுராதா சாஹா, வயது 36, குழந்தை உளவியலாளர். தோலில் தடிப்பு வந்தது. டெப்போ மெட்ரால் என்ற ஸ்டீராய்டு ஊசி, 80 மில்லிகிராம், தினம் ரெண்டு வேளை எழுதப்பட்டது. அது உடம்பில் நாள்கணக்கில் தங்கி மெல்ல வேலை செய்யும் வகை. இப்படி அடுக்கடுக்காகப் போடும் மருந்தே இல்லை. ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் சேர்த்தார்கள், பிறகு விமானத்தில் மும்பை பிரீச் கேண்டிக்குக் கொண்டு போனார்கள். மே 28 அன்று டென்னால் இறந்து போனார். கணவர் குணால் சாஹாவும் மருத்துவர். பதினைந்து வருஷம் வழக்கு நடத்தினார். 2009-ல் உச்ச நீதிமன்றம் சிகிச்சையில் அலட்சியம் நடந்தது என்று சொன்னது. 2013 அக்டோபரில் இழப்பீட்டை 5.96 கோடி ரூபாயாக நிர்ணயித்தது, 6 சதவீத வட்டி தனி.

எங்க டாக்டர்கள் வட்டாரத்தில் இந்த வழக்கைப் பற்றிப் பேசினால் அந்தத் தொகையைப் பற்றித்தான் பேசுவாங்க. எனக்கு அந்தத் தீர்ப்பில் முக்கியமாகப் படுவது வேற ரெண்டு விஷயம். ஒன்று, தோல் உரிந்த நோயாளியை தீக்காய நோயாளி போலப் பார்க்கணும். திரவம், கிருமித் தடுப்பு, சத்து, காயப் பராமரிப்பு. இன்னொன்று, ஸ்டீராய்டு ஒரு மந்திர ஊசி இல்லை.

ரெண்டாவதை ஏன் சொல்றேன்னா, நம்ம 'செட்'டில் வரும் அந்தப் பாதி மாத்திரை பல நேரம் ஸ்டீராய்டுதான். சட்டென்று வலி குறையும். 'அந்தக் கடை மாத்திரை நல்லா கேக்குது' என்று பேர் வாங்கும்.

கேள்வி இன்னும் பாக்கி இருக்கு. அதே மாத்திரை ஆயிரம் பேருக்கு ஒன்றும் செய்யாமல் ஒருவரை மட்டும் ஏன் உரிக்கிறது? 2004-ல் தைவானில் இருந்து பதில் வந்தது. கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தால் ஸ்டீவன்ஸ் ஜான்சன் வந்த 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேருக்கும் எச்.எல்.ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருந்தது. மருந்தைப் பிரச்சினை இல்லாமல் சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் அது இருந்தது. எச்.எல்.ஏ. என்பது செல்லின் வாசலில் நிற்கும் அடையாள அட்டை மாதிரி. மருந்து அந்த அட்டையில் ஒட்டிக்கொண்டால், சொந்த செல்லே அந்நியனாகத் தெரியும், காவல்காரன் சுட்டுவிடுவான்.

அடுத்து தைவானில் கிட்டத்தட்ட 4,900 பேருக்கு மருந்து தொடங்கும் முன்பே மரபணுச் சோதனை செய்து, அந்த வகை உள்ளவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். வழக்கமான கணக்குப்படி பத்துப் பேருக்காவது வந்திருக்கணும். ஒருவருக்குக் கூட வரவில்லை. 2011-ல் வந்த இந்த ஆய்வைப் படிக்கும்போது எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

'சீனர்கள் சமாச்சாரம், நமக்கென்ன' என்று நினைக்க வேண்டாம். 2009-ல் குஜராத்தில் செய்த சிறிய ஆய்வில் கார்பமசெபினால் ஸ்டீவன்ஸ் ஜான்சன் வந்த எட்டுப் பேரில் ஆறு பேருக்கு அதே வகை. மலேசிய இந்தியர்களிடம் செய்த ஆய்வும் அதே பக்கம்தான் காட்டியது. சிங்கப்பூரில் 2013 முதல் ஆசிய வம்சாவளியினருக்குப் புதுசா கார்பமசெபின் தொடங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறார்கள். அங்கே இருக்கும் நம்ம தமிழருக்கும் சேர்த்துத்தான். சோழவரத்தில் வலிப்பு வந்து ஓ.பி.க்கு வரும் ஒடிசா தம்பிக்கோ பொன்னேரி தம்பிக்கோ என் கையில் அந்தச் சோதனை இல்லை. என்கிட்ட இருப்பது வாய் மட்டும்தான். 'முதல் ரெண்டு மாசம் காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல், தோலில் சிவப்பு, எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே ஓடி வா' என்று சொல்லி அனுப்புவேன். இந்தி எனக்கு அரைகுறை. அதையும் வச்சு சொல்லிடுவேன்.

யூரிக் ஆசிட் மாத்திரையான அலோபியூரினாலுக்கும் இப்படி ஒரு மரபணு வகை உண்டு, பி 5801. இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் யூரிக் ஆசிட் ஒரு பாயின்ட் அதிகமாக இருக்கு என்பதற்காக மட்டும், எந்த வலியும் இல்லாதவர், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் அலோபியூரினாலை வாங்கிச் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கேன். தயவுசெய்து வேண்டாம்.

இப்போ அந்த அம்மாவிடம் வரலாம். பையனை உட்கார வைத்து நாள் நாளாகக் கேட்டேன். மூட்டு வலி, இடுப்பு வலி. செட் வாங்கி ஐந்து நாள். அடுத்த வாரம் மறுபடியும். கிட்டத்தட்ட பன்னிரண்டாம் நாள் காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல். அதை யாரும் மாத்திரையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. வைரல் ஜுரம் என்று நினைத்து அதே கடையில் ஜுரத்துக்கு இன்னொரு செட். இந்த நோயின் ஆரம்பம் பெரும்பாலும் இப்படித்தான். மருந்து தொடங்கி நான்கு நாளில் இருந்து நான்கு வாரத்துக்குள், முதலில் சாதாரண ஜுரம் போலத்தான் வரும். ரெண்டாவது செட்டில் அதே வலி மாத்திரை இருந்திருக்கலாம்.

மறுநாள் சிவப்புத் திட்டு. மாமியார் பார்த்துவிட்டு அம்மை என்றார். வேப்பிலை கட்டினார். 'ஆத்தா வந்திருக்கா, மாத்திரை மருந்து எதுவும் வேண்டாம்' என்று எல்லாவற்றையும் நிறுத்தினார்.

இந்த இடத்தில் நான் அந்தப் பாட்டியைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்தீங்களா? ஆஸ்பத்திரிக்கு வர மூன்று நாள் தாமதமாகியது தப்புதான், தண்ணீர் சத்து இறங்கிவிட்டது. ஆனா இந்த நோயில் உயிர் காக்கும் முதல் காரியம் காரண மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோம் என்பது. ஒரு நாள் முன்னால் நிறுத்தினால் கூட சாவு குறைகிறது என்று ஆய்வே உண்டு. அந்த வீட்டில் அதைச் செய்தது மாரியாத்தா மேல் பயம். என் கணக்கில் பாட்டிக்குப் பாதி மார்க் உண்டு.

நரம்பில் சலைன் ஏற்றி, கண்ணைக் கழுவி, 108-ல் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே வாழை இலையில் படுக்க வைத்தார்கள். கேலியாக நினைக்காதீங்க. சுத்தம் செய்த இளம் வாழை இலை ஒட்டாது, குளிர்ச்சி, புண்ணில் பட்ட துணியை உரிக்கும்போது வரும் உயிர் போகிற வலி இல்லை. லட்ச ரூபாய்ப் படுக்கை இல்லாத நம்ம தோல் வார்டுகளிலும் தீக்காய வார்டுகளிலும் எத்தனையோ பேரைத் தாங்கியது அந்த இலை.

ரெண்டு வாரம் கழித்து மேல்தோல் புதுசா வளர்ந்தது. ஆச்சரியமான விஷயம், தோல் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். திரும்பாமல் போவது கண். கண்ணீர்ச் சுரப்பிகள் காய்ந்து, இமை உள்பக்கம் ஒட்டி, கருவிழி மங்கிப் போகும். அடியோடு பார்வை போனவர்களுக்குச் செய்யும் ஒரு அறுவைச் சிகிச்சை இருக்கு. 1963-ல் இத்தாலியின் ஸ்ட்ராம்பெல்லி கண்டுபிடித்தது. நோயாளியின் சொந்தப் பல்லை எலும்போடு எடுத்து, அதில் துளை போட்டு ஒரு லென்சைப் பொருத்தி, கண்ணில் வைத்துத் தைப்பது. பல்லு வழியாகப் பார்ப்பது! சென்னை சங்கர நேத்ராலயாவில் இதைச் செய்கிறார்கள். அதற்காக வருபவர்களில் ஸ்டீவன்ஸ் ஜான்சனில் கண்ணை இழந்தவர்கள் கணிசம். ஒரு மாத்திரையில் ஆரம்பித்தது பல்லில் வந்து நிற்கிறது.

இந்த அம்மாவுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. பார்வை இருக்கு. வெயிலில் கண் கூசும், நாள் முழுக்கச் சொட்டு மருந்து.

2023 நவம்பர் கடைசியில் மெஃபெனமிக் ஆசிட் பற்றி அரசின் மருந்தியல் ஆணையம் ஒரு எச்சரிக்கை விட்டது ஞாபகம் இருக்கா? மாதவிடாய் வலிக்குப் பெண்கள் எடுக்கும் மெஃப்டால் வகை. டிரெஸ் என்ற இன்னொரு தோல் எதிர்வினை, தோலோடு கல்லீரல் போன்ற உள்ளுறுப்பையும் தாக்கும். வாட்ஸ்ஆப்பில் ஒரு வாரம் 'விஷ மாத்திரை' என்று சுற்றியது. விஷம் இல்லை, அரிதாகச் சிலருக்கு வருகிறது, கவனியுங்கள் என்பதுதான் செய்தி. அந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது தெரியுமா? 2010-ல் தொடங்கிய தேசிய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நாடு முழுக்க வந்த புகார்களில் இருந்து. டாக்டர்தான் அனுப்பணும் என்றில்லை, நீங்களே சொல்லலாம். 1800-180-3024, கட்டணம் இல்லை, வேலை நாட்களில் எடுப்பார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, மருந்தின் பேர்.

அந்த அம்மாவுக்காக நான் படிவம் நிரப்ப உட்கார்ந்தேன். சந்தேக மருந்து என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? பையன் கடைக்குப் போய்க் கேட்டிருக்கான். 'நாங்க அப்படி எதுவும் குடுக்கலையே' என்று பதில். அவங்க மேல் கோபம் இருக்கு, ஆனா அதோடு முடிக்க எனக்கு முடியவில்லை. ஓ.பி.க்கு வந்தால் அரை நாள் போகும், ஷிப்ட் போனால் கூலி போகும். கடையில் ரெண்டு நிமிஷம், முப்பது ரூபாய். நானே அந்த இடத்தில் இருந்தால் எங்கே போவேன் என்று யோசித்துப் பார்த்திருக்கேன்.

பேர் தெரியாததால் அவங்களுக்கு வந்த நஷ்டம் இதோடு முடியலை. காரணம் இன்ன மருந்து என்று தெரிந்தால் அந்த ஒன்றையும் அதன் உறவுகளையும் மட்டும் ஆயுசுக்கும் தவிர்த்தால் போதும். தெரியாததால் சந்தேகப்பட வேண்டிய வலி மாத்திரைகள் எல்லாவற்றையும் தவிர்க்கணும். டிஸ்சார்ஜ் ஆகி வந்தபோது ஒரு சீட்டில் 'இவருக்குக் கீழ்க்கண்ட மருந்துகள் கொடுக்கக் கூடாது' என்று தலைப்பிட்டு எழுத ஆரம்பித்தேன். டைக்ளோஃபினாக், பைராக்சிகாம், மெஃபெனமிக், இபுபுரூஃபன் என்று சீட்டு நிறைந்துவிட்டது. செல்போன் கவருக்குள் மடித்து வச்சுக்கிட்டாங்க.

போன மாசம் வந்தாங்க. கறுப்புக் கண்ணாடி, கையில் சொட்டு மருந்து. வேலைக்குத் திரும்பியாச்சு, அதே நின்னுக்கிட்டே செய்யற வேலை.

"மூட்டு வலி தாங்கல சார். ஏதாச்சும் குடுங்க."

அந்தச் சீட்டை நானே எழுதியிருக்கேன், நானே என்ன கொடுக்கிறது? வெந்நீர் ஒத்தடம், உடற்பயிற்சி, கம்பெனிக்கு ஒரு ஸ்டூல் கேட்டு கடிதம். அவ்வளவுதான் முடிஞ்சது.

கூட வந்த பையன் போனை நீட்டினான். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையை எல்லாம் போட்டோ எடுத்து வச்சிருக்கான். பாட்டியோட சுகர் மாத்திரை, பி.பி. மாத்திரை, தங்கச்சிக்கு ஸ்கூலில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை. ஒவ்வொன்றையும் பின்பக்கம் திருப்பி, பேர் தெரியிற மாதிரி எடுத்திருந்தான்.